முதல் பெஞ்சில் ஒரு நாள்

“நல்லாக் கசக்குங்க. முதுகை மடக்கி ஒடிங்க. கையில எடுத்தவுடனே புதுசுன்னு தெரியக் கூடாது.”

கணக்கு சார் வகுப்பின் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே ஐப்பசி மழை. உள்ளே நாங்கள், பதினோராம் வகுப்பு மேத்ஸ் குரூப் பிள்ளைகள், ஆளுக்கொரு புதுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தோம்.

அது பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம். பள்ளிக்கூடம் திறந்தபோது கொடுத்தது. மழைக்காலம் வந்த பிறகும் அதில் ஒரு பக்கம்கூட நடத்தியிருக்கவில்லை. சிலருடைய புத்தகத்தில் பக்கங்கள் சரியாக வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை விரலால் கிழித்துப் பிரிக்கும் சத்தம் வகுப்பு முழுவதும் கேட்டது. மையும் பசையும் கலந்த புதுப் புத்தக வாசனை, ஈர யூனிஃபார்ம் வாசனையோடு சேர்ந்து குமட்டியது.

வினோதினிதான் வகுப்பில் முதல் மார்க். எதையும் முறையாகச் செய்கிறவள். ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வரிவரியாக அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கடைசி பெஞ்சிலிருந்து பென்சில் சீவப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். அவள் கோடு போட்டது முன்னுரையில். புத்தகம் தயாரித்தவர்கள் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருந்த வரிகளில்.

“அங்க எதுக்குடி போடுற?”

“எங்கயாவது போடணும்ல?”

அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன். கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வரப்போகிறார். கரும்பலகையில் ‘லிமிட்ஸ்’ என்று தலைப்பு எழுதி, ஒரு கணக்கைப் பாதி போட்டு நிறுத்தி வைத்திருந்தார் சார். முழுசாகப் போட்டுவிட்டால் ஜோடித்த மாதிரி இருக்குமாம். பாதியில் நின்றால்தான் பாடம் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

ஒவ்வொரு பெஞ்சாகப் புத்தகங்களைத் தூக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்”, “இது போதும்” என்று சொல்லிக்கொண்டே கடைசிக்கு வந்தார். என் புத்தகத்தை எடுத்தார். அதைக் கசக்கவேண்டிய வேலையே இல்லை. அட்டை நைந்து, மூலைகள் மடங்கி, ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

ஒரே புத்தகம், இரண்டு வருஷம்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பைப் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “பி.காம். படித்த உங்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு என்றதும் மட்டும் ஏன் இவ்வளவு எரிச்சல்?” என்று கேட்டிருக்கிறார். எரிச்சல்தான். மறைக்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் படித்தபோது பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான் அரசுத் தேர்வு. பதினொன்றுக்குப் பள்ளிக்கூடமே பரீட்சை வைத்து, பள்ளிக்கூடமே பாஸ் போட்டுக்கொள்ளும். அதனால் ரிசல்ட் காட்டிப் பிழைக்கிற பள்ளிக்கூடங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. பதினோராம் வகுப்பை அப்படியே தூக்கிவிடுவது. முதல் வருஷமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். இரண்டாம் வருஷமும் அதே புத்தகம். இரண்டு வருஷம் ஒன்றையே மென்றால் மார்க் வராமல் என்ன செய்யும்?

பெற்றோர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான், அதற்காகவேதான், பேராவூரணியிலிருந்தும் குத்தாலத்திலிருந்தும் கொண்டுவந்து ஹாஸ்டலில் விட்டார்கள். நடுவில் சில வருஷம் பதினொன்றுக்கும் அரசுத் தேர்வு வந்து இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தியது. இப்போது மறுபடி அது வேண்டாம் என்றாகிவிட்டது. பழைய ஆட்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒரத்தநாட்டிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் போகிற தூரம். முப்போகம் விளைந்த நிலத்தை மண்ணடித்து மேடாக்கிக் கட்டியது. மேடு போதவில்லை. மழை பிடித்தால் மைதானம் பழையபடி வயலாகிவிடும். கீழ்த்தளத்து வகுப்புகளுக்குள் நண்டு வரும். மாடியில் இருந்த எங்களுக்கு அது ஒன்றுதான் அந்த மாதத்தில் சிரிப்பு.

அறுபத்தொன்று

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கியது அறுபத்தொன்று.

நான் மெதுவானவள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால் ‘ஏன் இப்படி?’ என்று நின்று பார்க்காமல் எனக்குக் கை நகராது. பரீட்சையில் எழுதியதெல்லாம் அநேகமாகச் சரி. எழுதாமல் விட்டதுதான் ஏராளம். பெல் அடித்தபோது நான் கிராஃப் தாளைச் சேர்த்துக் கட்ட நூல் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பரீட்சை எழுதுகிறவளுக்கு இது ஒரு வியாதி.

ரிசல்ட் வந்த அன்று வீட்டில் யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மாமா வந்தார், இனிப்புச் சாப்பிட்டார், “கணக்குல அறுபத்தொண்ணா? அப்ப காமர்ஸ் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் எனக்கு மேத்ஸ் குரூப்தான் வேண்டும் என்றேன். கட்டைக் குரல்காரி பாட்டு வகுப்பில் சேர்த்துவிடச் சொன்ன மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இன்ஜினியர் ஆகணுமா?” என்று கேட்டார் அத்தா, என் அப்பா.

“தெரியல அத்தா. எனக்குக் கணக்குப் பிடிக்கும்.”

“பிடிக்குதுன்னா மார்க் வந்திருக்கணுமேம்மா.”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அத்தாவின் கடையில் போர்வெல் பைப், மோட்டார், ஹோஸ் எல்லாம் விற்கும். போன வாரம் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. ஒன்று மட்டும். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம்தான் எங்கள் கடைக்கு நல்ல வருஷம். மேட்டூர் திறக்கவில்லை என்று ஊரே வயிற்றில் அடித்துக்கொள்ளும்போது எங்கள் வீட்டில் புதுத் துணி எடுப்போம். அதைப் பற்றி வாய்விட்டுச் சந்தோஷப்படக் கூடாது என்பது சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் முழுக்கப் பைப் போனது எங்கள் கடையிலிருந்துதான். தாளாளருக்கு அத்தாவைத் தெரியும்.

“வாங்க பாய், உக்காருங்க” என்றார் தாளாளர். என் மார்க் ஷீட்டைப் பார்த்தார். சட்டென்று முகம் மாறவில்லை. நாகரிகமான மனிதர். “பாய், உங்க முகத்துக்காகப் போடுறேன். ஆனா ஒண்ணு. டெஸ்ட்ல தொடர்ந்து அடி வாங்கினா குரூப் மாத்திடுவோம். அப்ப வந்து வருத்தப்படக் கூடாது.”

“நல்லாப் படிப்பா சார், இன்ஷா அல்லா” என்றார் அத்தா.

அப்படித்தான் எனக்கு மேத்ஸ் குரூப் கிடைத்தது. அத்தாவின் முகத்துக்காக. என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு.

‘அது பதினொண்ணு’

முதல் வாரமே சார் பலகையில் டிஃபரன்சியேஷன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் எழுதினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“சார், டிஃபரன்சியேஷன்னா என்ன சார்?”

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அவர் நல்ல மாதிரி. குத்தாலம் பக்கம் நிலபுலனோடு இருந்த குடும்பம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊரில் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. எப்போதும் வெள்ளைச் சட்டை, முழங்கை வரை சாக்பீஸ் தூள்.

“அது பதினொண்ணும்மா” என்றார். “ஃபார்முலா ஷீட் குடுத்திருக்கேன்ல? அத உருப்போடு. ஃபார்முலா தெரிஞ்சா கணக்கு வந்துடும்.”

மற்றவர்களுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. என்னவென்று தெரியாத ஒன்றை எனக்கு மனப்பாடம் செய்யத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே தெரியாது. அதனால் வீட்டுக்குப் போய், யாரும் பிரிக்காத அந்தப் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தேன்.

பஸ்ஸில் படித்தேன். கடையில், ஹோஸ் சுருள்களுக்கு நடுவில் முக்காலி போட்டுப் படித்தேன். மெதுவாகத்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. புரியாத இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதுவேன். சில நாள் கழித்துப் புரிந்துவிட்டால் அதன் மேல் ஒரு டிக். ஃபார்முலா ஷீட்டில் வானத்திலிருந்து விழுந்தது போல இருந்த ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரியத் தெரிய எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதிலும் நான் அனுபவித்ததில்லை. கல்யாணம், குழந்தை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டில் இதைப் படிப்பவர்கள் மன்னிக்கவும்.

லிமிட்ஸ் பாடத்தில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு சின்னக் கோணம். அதன் சைனை அந்தக் கோணத்தாலேயே வகுக்க வேண்டும். கோணம் சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. மேலே இருப்பதும் பூஜ்யத்துக்குப் போகிறது, கீழே இருப்பதும் பூஜ்யத்துக்குப் போகிறது. விடை ஒன்று என்கிறது புத்தகம். ‘ரெண்டும் பூஜ்யத்துக்குப் போனா, ஒண்ணு எங்கேருந்து வருது?’ என்று ஓரத்தில் எழுதி, பெரிதாக வட்டம் போட்டு வைத்தேன். அடுத்த பக்கத்தில் வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்து நிரூபித்திருந்தார்கள். பாதிவரை புரிந்தது.

இதற்கு நடுவில் வாராவாரம் டெஸ்ட். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில். மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், நான் இன்னும் வாசற்படியில் நின்றேன். முப்பது, முப்பத்தைந்து. ஒவ்வொரு டெஸ்ட் பேப்பர் வரும்போதும் தாளாளர் சொன்னது காதில் கேட்கும். பயமாக இருக்கும். ஆனாலும் அடிப்படை ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் மற்றதைப் பிடித்துவிடலாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அதிகாரி கேட்ட கேள்வி

சார் கடைசி பெஞ்சில் என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் கதையை விட்டிருந்தேன்.

“இது நீயே படிச்சதா?”

“ஆமா சார்.”

பக்கங்களைச் சரசரவென்று தள்ளினார். என்னைப் பார்த்தார். “எந்திரிச்சு முன்னாடி வா” என்றார். முதல் பெஞ்சில் நடு இடம் வினோதினியுடையது. அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அங்கே என்னை உட்கார வைத்தார். என் புத்தகத்தை அவரே மேஜைமேல் வைத்து, லிமிட்ஸ் பக்கத்தைத் திறந்து, கையால் நீவிவிட்டார்.

சாருக்கு என்னைத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். டெஸ்ட் மார்க்குக்குப் பின்னால் இருக்கிற என்னை அவர் பார்த்துவிட்டார், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்தக் கால் மணி நேரம் நான் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது அந்தப் பெண்ணின் மேல் பரிதாபமாக இருக்கிறது.

அதிகாரி பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். மைதானத்துத் தண்ணீரில் பலகை போட்டு அழைத்து வந்திருந்தார்கள். பின்னாலேயே தாளாளர், குடையோடு. நாங்கள் எழுந்து வணக்கம் சொன்னோம். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

“லிமிட்ஸ் நடக்குதா? சரி, இதைச் சொல்லுங்க. ஒரு நம்பரைப் பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்?”

“இன்ஃபினிட்டி சார்!” என்று வகுப்பே கத்தியது. வினோதினியின் குரல்தான் சத்தமாக.

அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாரின் முகத்தில் தெரிந்தது. அதிகாரி குனிந்து, எதிரில் இருந்த என் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். ஓரத்து எழுத்துகளைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

“யாரோட புக் இது?”

“என்னோடது சார்.”

“நீ சொல்லும்மா.”

நான் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டேன். யாரோ பின்னால் இருமினார்கள். சார் கையிலிருந்த சாக்பீஸை ஒடித்தார். அதிகாரி மட்டும் பொறுமையாக நின்றார்.

“பூஜ்யத்தால வகுக்க முடியாது சார். பக்கத்துல வரைக்கும் போய்ப் பார்க்கலாம். போகப் போக என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். அதுக்குத்தான் லிமிட்.”

அவர் சிரித்தார். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு சாரிடம் திரும்பி, “அடிப்படையிலேருந்து நல்லா நடத்தியிருக்கீங்க சார்” என்றார்.

“பிள்ளைங்க ஆர்வமா கேக்குறாங்க சார்” என்றார் சார்.

தாளாளர் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

மறுநாள்

மறுநாள் நேராக முதல் பெஞ்சுக்குப் போனேன். வினோதினி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் நகர்வதற்காக நின்றேன்.

“ஷமீமா, உன் இடத்துக்குப் போ” என்றார் சார். பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வகுப்பு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடுங்கள். பீரியடு முடிந்ததும் புத்தகத்தோடு ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார். போனேன். அப்போதும் எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லக் கூடாது என்று தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டப்போகிறார் என்று.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். நான் வட்டம் போட்டிருந்த கேள்வியில் அவர் கை நின்றது. படித்தார். மெல்லச் சிரித்தார். மேஜையில் கிடந்த ஒரு தாளை இழுத்து, பேனாவால் ஒரு வட்டம் போட்டார். மையத்திலிருந்து ஒரு கோடு இழுத்தார். அவர் முகமே வேறாக இருந்தது. அவருக்குப் பதில் தெரியும். சொல்ல ஆசையாகவும் இருந்தது. நான் குனிந்து நின்றேன்.

பக்கத்தில் திருத்திய டெஸ்ட் பேப்பர் கட்டு இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடினார்.

“விடு. இதெல்லாம் பரீட்சைக்கு வராது. வாரா வாரம் முப்பது வாங்கிட்டு இதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, உனக்கே நல்லாருக்கா?”

“இதைப் படிச்சாத்தான் சார் அது புரியுது.”

“புரிஞ்சு என்ன பண்ணப்போற? எழுதத் தெரிஞ்சா போதும்.” என் பெயர் ஒட்டியிருந்த மேலட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். புத்தகத்தைத் தன் அலமாரியில் வைத்தார். “இது இங்க இருக்கட்டும். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆகும்.”

பழுப்பு அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வினோதினியிடம் அவளுடைய புத்தகத்தைக் கேட்டேன்.

“அதான் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிடுச்சே. ஹாஸ்டல்ல எல்லாத்தையும் சேர்த்துப் பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுட்டோம்” என்றாள்.

தஞ்சாவூர் போய் வேறொன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொன்ன புத்தகம் எதுக்கும்மா என்றார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீடு எங்களுடையது. நானும் அந்த வீட்டுப் பெண்தான்.

தாளாளர் அறை

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அறையில் தாளாளர், சார், அத்தா, நான். சுவர் முழுக்க ஷீல்டு.

“தப்பா நினைக்காதீங்க பாய். பொண்ணு நல்ல பொண்ணு, ஒழுக்கமான பொண்ணு. ஆனா மேத்ஸ் அவளுக்கு வராது. இப்பவே காமர்ஸ் மாத்திட்டா அவளுக்கும் நல்லது.”

“ஆசைப்படுறா சார்” என்றார் அத்தா.

“ஆசைப்பட்டா போதுமா பாய்? ரிசல்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல? இவ ஒருத்தி விழுந்தா மொத்தப் பள்ளிக்கூடத்துப் பேரும் போயிடும்.”

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா சொல்ற?”

“இன்ஸ்பெக்‌ஷன்ல நான்தானே சார் பதில் சொன்னேன்” என்றேன்.

தாளாளருக்கு ஞாபகம் வரவில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே வரவில்லை. சாரைப் பார்த்தார். “எந்த இன்ஸ்பெக்‌ஷன்?”

சார் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும் சார், கொஞ்சம் டைம் ஆகும்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“அது வேற, இது வேறம்மா” என்றார் சார்.

அத்தா எழுந்து, “சரிங்க சார், உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

வண்டியில் வரும்போது இன்ஸ்பெக்‌ஷன் கதையைச் சொன்னேன். தை மாசத்துக் காற்று. இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற வயல். அத்தா வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஒரு வார்த்தை பேசியிருப்பேனே.”

“இப்பத் திரும்பிப் போய்ப் பேசுங்க அத்தா.”

“இனிமே எதுக்கும்மா வம்பு? நாளைக்கும் அவங்க முகத்துல முழிக்கணும்.”

அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவருக்கும் அது தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம்.

காமர்ஸில் நான் நன்றாகவே படித்தேன். மனப்பாடம் செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டால் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏன் என்று கேட்பதை நிறுத்தினால் போதும், மளமளவென்று வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு வந்த மார்க்கைப் பார்த்து மாமா, “அன்னைக்கே நான் சொல்லல?” என்றார்.

வினோதினியின் போன்

வினோதினி பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கிட்டத்தட்ட முழு மார்க். பஸ் ஸ்டாண்டில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் வெகுநாள் தொங்கியது. சென்னையில் பெரிய இன்ஜினியரிங் காலேஜ். நான் தஞ்சாவூரில் பி.காம். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் போன் செய்தாள். எடுத்தவுடன் அழுகை.

“மேத்ஸ்ல அரியர்டி. எதுவுமே புரியல. இதெல்லாம் பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டு மேல போயிடுறாங்க. உன்கிட்ட அந்தப் புக் இருக்கா?”

“ஸ்டாஃப் ரூம் அலமாரில இருக்கு” என்றேன். “சார்ட்ட கேளு.”

வைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அவளையும் ஏமாற்றித்தான் அனுப்பியிருந்தார்கள், மாலை போட்டு.

ரிஸ்வானா

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மாமா மகள் ரிஸ்வானா என்னைவிட ரொம்பச் சின்னவள். படு சுட்டி. பத்தாம் வகுப்பில் எக்கச்சக்க மார்க் வாங்கி அதே பள்ளிக்கூடத்தில் மேத்ஸ் குரூப் சேர்ந்தாள். நான் அதற்குள் படிப்பை முடித்துவிட்டு அத்தாவோடு கடையில் உட்கார ஆரம்பித்திருந்தேன். நான் ஒரு காலத்தில் மேத்ஸ் குரூப்பில் இருந்தது அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பேசுவதில்லை.

ஒரு மழைநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே கடைக்கு ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, இன்னைக்கு எங்க ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன். காலையிலேருந்து புக்கைக் கசக்குனோம் பாருங்க, கையே வலிக்குது.”

நான் ஒரு விவசாயிக்கு பைப் எல்போவும் பசை டப்பாவும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

“முதல் பெஞ்சுல மட்டும் சார் அவரோட அலமாரிலேருந்து ஒரு புக் எடுத்துட்டு வந்து வெச்சாரு. செம பழசு. ஓரமெல்லாம் பென்சில்ல எழுதி எழுதி. பேரு இல்ல. வந்த ஆபீசர் நேரா அதத்தான் எடுத்துப் பாத்தாரு. வெரி குட்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? தொடக் கூடாதுன்னுட்டாரு சார். ஆபீசர் போனதும் திரும்ப வெச்சுப் பூட்டிட்டாரு.” துப்பட்டாவால் தலையைத் துவட்டிக்கொண்டே தொடர்ந்தாள். “ஆனா அந்தப் புக்கு வெச்சிருந்த அக்காவப் பத்தி அடிக்கடி சொல்லுவாருக்கா. பத்தாவதுல ரொம்பக் கம்மி மார்க்காம். மேத்ஸ் குரூப்தான் வேணும்னு அடம் புடிச்சு வாங்கி, அவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்சாங்களாம். இப்ப பெங்களூர்ல பெரிய இன்ஜினியராம். அவங்கள மாதிரி வரணும் நீங்கன்னு சொல்லுவாரு.”

கல்லாவில் இருந்த அத்தா தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, இல்லாத எதையோ மேஜை டிராயரில் தேட ஆரம்பித்தார்.

“உங்க செட்டாத்தான் இருக்கும் போலக்கா” என்றாள் ரிஸ்வானா. “உங்களுக்கு அவங்கள தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.